ஒரு துளை, ஒரு கம்பி, இரண்டு பிராசஸர்

(நமது குடியிருப்பு நலச்சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுக்குப் பிறகு வந்த கேள்விகளில் சிலவும் சேர்க்கப்பட்டுள்ளன.)



செயலாளர் என்னிடம் "ஏதாவது கம்ப்யூட்டர் பற்றிப் பேசுங்கள், ஆனால் பாஸ்வேர்டு, ஓடிபி மோசடி எல்லாம் போன முறையே முடிந்துவிட்டது" என்றார். அதனால் கொஞ்சம் பழைய கதையை எடுத்து வந்திருக்கிறேன். 1998, 1999 வாக்கில் நடந்தது. விலை குறைந்த பிராசஸரைக் கையால் திருத்தி, விலை உயர்ந்த பிராசஸர் மட்டுமே செய்யக்கூடிய வேலையை அதைச் செய்ய வைத்த கதை. டிரில் மெஷின், சாலிடரிங் அயர்ன், மயிரிழை போல ஒரு கம்பி, இவ்வளவுதான் கருவிகள்.

இந்தப் பச்சை அட்டையை வரிசையாகக் கைமாற்றி எல்லோரும் பாருங்கள். கீழ் விளிம்பில் இருக்கும் தங்கப் பற்களை மட்டும் தொடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இதுதான் அந்தக் காலத்துப் பிராசஸர். இன்றைக்குப் பிராசஸர் என்றால் பிஸ்கட் அளவில் சதுரமாக இருக்கும். அப்போது இண்டெல் நிறுவனம் சில்லை ஒரு அட்டையில் பதித்து, அந்த அட்டையை மதர்போர்டில் நீளவாக்கில் செருகும்படி விற்றது. செருகும் இடத்துக்கு ஸ்லாட் 1 என்று பெயர். பற்கள் மொத்தம் 242. ஒரு பக்கம் ஏ வரிசை, மறுபக்கம் பி வரிசை. பி வரிசையில் 75-வது பல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கதையில் பாதி அந்த ஒரு பல்லைப் பற்றியதுதான்.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். விலை இல்லாமல் இந்தக் கதை புரியாது.

1998 ஏப்ரலில் இண்டெல் செலரான் என்ற மலிவு ரகத்தைக் கொண்டுவந்தது. முதலில் வந்தது 266 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 2 அட்டையில் 512 கேபி இரண்டாம் நிலை கேஷ் இருந்தது. அதை அப்படியே எடுத்துவிட்டு, குறைந்த விலைக்கு விற்றார்கள். கேஷ் என்பது பிராசஸர் அடிக்கடி எடுக்கும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். சமையலறையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அது இல்லையென்றால் ஒவ்வொரு கடுகுக்கும் ஸ்டோர் ரூமுக்கு நடக்க வேண்டும். அந்த முதல் செலரானைப் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன.

அதே ஆண்டு ஆகஸ்டில் செலரான் 300ஏ வந்தது. இதில் 128 கேபி கேஷ். பென்டியம் 2-இல் இருந்ததில் நாலில் ஒரு பங்குதான். ஆனால் இது சில்லுக்கு உள்ளேயே இருந்தது, பிராசஸரின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2-இன் 512 கேபி அட்டையில் தனிச் சில்லுகளாக இருந்து, பாதி வேகத்தில்தான் ஓடியது. சின்ன அஞ்சறைப் பெட்டி, ஆனால் கைக்குள்ளேயே இருக்கிறது. நிறைய வேலைகளில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. 300ஏ வெளியே 66 மெகாஹெர்ட்ஸில் பேசி, உள்ளே அதை நாலரை மடங்காக்கி ஓடும். வெளியே 100 ஆக்கினால் உள்ளே 450. பெரும்பாலான 300ஏ சில்லுகள் அதைத் தாங்கின. தானாக வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் மதர்போர்டு என்றால் பி21 என்ற பல்லின் மேல் செல்லோடேப் துண்டு ஒட்டினால் போதும், அல்லது நகப்பூச்சு பூசினால் போதும். பிராசஸர் 66 கேட்கிறது என்ற தகவல் போர்டுக்குப் போகாது, அது 100 கொடுத்துவிடும். வீட்டில் நகப்பூச்சு பாட்டில் காணாமல் போனதற்கு அந்த ஆண்டில் இப்படியும் ஒரு காரணம் உண்டு.

அறிமுகத்தின்போது மொத்தமாக ஆயிரம் வாங்குவோருக்கு 300ஏ-இன் விலை 149 டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ், 669 டாலர். நாலு செலரான் வாங்கினாலும் ஒரு பென்டியம் விலைக்கு மீதி இருக்கும்.

அப்படியானால் 669 டாலர் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? இண்டெல் ஒரு வேலி வைத்திருந்தது. ஒரே மதர்போர்டில் இரண்டு பிராசஸர்களைச் சேர்த்து ஓட்டலாம் என்பது பென்டியம் 2-க்கு மட்டும். செலரான் ஒற்றையாள். சர்வர், முப்பரிமாணப் படம், எஞ்சினியரிங் வரைபடம் என்று தொழிலுக்கு வாங்குபவர்கள் இரட்டைப் பிராசஸர் கேட்பார்கள், அவர்களிடம் காசு இருக்கும், அவர்கள் பென்டியமே வாங்கட்டும் என்பது கணக்கு. வியாபாரத்தில் இது புதிதல்ல. ஒரே ரயிலின் ஒரே எஞ்சின்தான் முதல் வகுப்பையும் இழுக்கிறது, பொதுப் பெட்டியையும் இழுக்கிறது.

இப்போது அந்த பி75-க்கு வருவோம்.

இரண்டு பிராசஸர்கள் ஒரே மதர்போர்டில் இருந்தால், இரண்டும் மெமரிக்குப் போக ஒரே பாதையைத்தான் பயன்படுத்துகின்றன. ஒன்று பேசும்போது மற்றொன்று பேசக்கூடாது. நம் பழைய பிளாக்கில் ஆரம்ப நாட்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு மோட்டார் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? "நான் போடப் போகிறேன்" என்று ஒரு வீட்டுக்காரர் குரல் கொடுப்பார், எதிர்வீட்டுக்காரர் அதைக் காதில் வாங்கிக்கொண்டு காத்திருப்பார். அதேதான். ஒவ்வொரு பிராசஸருக்கும் ஒரு வாயும் ஒரு காதும் வேண்டும். வாய்க்கு பிஆர்0 என்று பெயர், காதுக்கு பிஆர்1. மதர்போர்டில் கம்பிகளைக் குறுக்காகப் போட்டிருப்பார்கள்: இதன் வாய் அதன் காதுக்கு, அதன் வாய் இதன் காதுக்கு. கம்ப்யூட்டரைப் போட்டதும் யார் முதலாமவர், யார் இரண்டாமவர் என்று முடிவாவதும் இதே கம்பிகளை வைத்துத்தான்.

செலரான் சில்லுக்கும் அந்தக் காது இருந்தது. அதை இண்டெல் வெட்டி எடுக்கவில்லை. சில்லிலிருந்து பி75 பல்லுக்குப் போக வேண்டிய தடத்தை மட்டும் பச்சை அட்டையில் கொடுக்கவில்லை. காதில் பஞ்சு வைத்த மாதிரி. ஏன் சில்லுக்குள்ளேயே எடுத்துவிடவில்லை? என் கணிப்பு, சில்லின் வடிவமைப்பைத் தொடுவது பெரிய வேலை, அட்டையில் ஒரு தடத்தை விட்டுவிடுவது சின்ன வேலை. யார் போய்த் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்திருக்கலாம்.

தோண்டிப் பார்த்தார்கள். ஜப்பானில் இருந்த ஆர்வலர்கள் பல் பல்லாக, தடம் தடமாகச் சோதித்து, படத்தோடு செய்முறையை வெளியிட்டார்கள். அட்டையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் சின்னத் துளை போட்டு பி75-இன் பழைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பிறகு சில்லின் பிஆர்1 முனை வெளியே தெரியும் புள்ளியிலிருந்து பி75 பல்லின் மேல்முனை வரை மெல்லிய கம்பியைச் சாலிடர் செய்ய வேண்டும். அவ்வளவுதான். உங்கள் கையில் சுற்றிக்கொண்டிருக்கும் அட்டையில் அந்தத் துளையையும் கம்பியையும் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் துளை தெரியும்.

சொல்வதற்கு அவ்வளவுதான். செய்வது வேறு. இந்த அட்டை ஒரே தாள் அல்ல. அப்பளக்கட்டு போல உள்ளே பல அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் செப்புத் தடங்கள், அவற்றில் மின்சாரம் கொடுக்கும் தகடுகளும் உண்டு. டிரில் கொஞ்சம் விலகினால் பக்கத்துத் தடம் போய்விடும். கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்ளே இரண்டு தகடுகள் ஒட்டிக்கொண்டு, போர்டில் போட்டவுடன் பிராசஸரோடு மதர்போர்டும் போக வாய்ப்புண்டு.

நான் அந்த நாட்களில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தேன். கல்யாண வீடியோக்களுக்கு முப்பரிமாண எழுத்து செய்து கொடுக்கும் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். "ஸ்ரீநிதி வெட்ஸ் கார்த்திக்" என்று தங்க எழுத்து சுற்றிச் சுற்றி வருமே, அதுதான். இருபது வினாடிக் காட்சிக்கு ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடும். முகூர்த்த மாதம் வந்தால் மனிதருக்குத் தூக்கமே கிடையாது. அவர் இந்தச் செய்முறையை எங்கேயோ படித்துவிட்டு, இரண்டு செலரானும் இரட்டை ஸ்லாட் மதர்போர்டும் வாங்கினார். துளை போடும் வேலையை வீட்டிலேயே, கையால் சுற்றும் சின்ன டிரில்லில் செய்தார். முதல் அட்டை சரியாக வந்தது. இரண்டாவதில் டிரில் உள்ளே இறங்கிவிட்டது. வாங்கிய இடத்துக்கு எடுத்துப் போனார். துளையைப் பார்த்துவிட்டு உத்தரவாதம் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னது நியாயம்தான். ஒரு மாதச் சம்பாத்தியம் ஒரு நிமிஷத்தில் போனது.

அவர் மூன்றாவதாக ஒன்று வாங்கி, அதை எங்கள் கடையில் இருந்த மூத்த மெக்கானிக் அண்ணனிடம் கொடுத்துச் செய்துகொண்டார். ஓடியது. ராத்திரி பத்து மணிக்குப் போட்ட காட்சி விடிவதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகிறது என்று கடைக்கே வந்து சொன்னார். மூன்று செலரான் விலை, கூடுதல் விலையில் இரட்டை மதர்போர்டு, இதெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் இரண்டு பென்டியத்தை விட அவருக்கு மிச்சம்தான். ஆனால் அவர் செய்த கணக்கில் முதலில் அந்த மூன்றாவது செலரான் இல்லை. இப்படி ஒரு வேலையில் இறங்குபவர் ஒன்று போகும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும் என்பது என் கருத்து.

இரண்டு பிராசஸர் என்றால் இரண்டு மடங்கு வேகமா என்று உடனே கேட்பார்கள். இல்லை. முதலாவது, விண்டோஸ் 95, 98 இரண்டுக்கும் இரண்டாவது பிராசஸர் இருப்பதே தெரியாது. அது அட்டைக்கு அட்டை சும்மா உட்கார்ந்து சூடாகும். விண்டோஸ் என்டி வேண்டும், அல்லது லினக்ஸ் வேண்டும். 1999 ஜனவரியில் வந்த லினக்ஸ் 2.2 இந்த விஷயத்தில் முந்தையதை விட நன்றாகவே தேறியிருந்தது, அதனால் இந்த வேலையில் இறங்கியவர்களில் லினக்ஸ்காரர்கள் நிறைய. இரண்டாவது, மென்பொருளும் வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நம் எழுத்துக்காரர் வைத்திருந்ததற்குத் தெரியும். மூன்றாவது, பாதை ஒன்றுதான். 66 மெகாஹெர்ட்ஸ் பாதையில் அதிகபட்சம் வினாடிக்கு 528 மெகாபைட் போகலாம். அதை இருவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அஞ்சறைப் பெட்டிக்குள் அடங்கும் வேலை என்றால் இரண்டு மடங்குக்குப் பக்கத்தில் வரும். ஸ்டோர் ரூமுக்கு அடிக்கடி போகும் வேலை என்றால் இருவரும் வாசலில் இடித்துக்கொள்வார்கள். ஆனாலும் பயன்படுத்தியவர்கள் எல்லோரும் சொன்ன ஒரு சுகம் உண்டு: பின்னால் எவ்வளவு பெரிய வேலை ஓடினாலும் மவுஸ் சிக்காது. அன்றைக்கு அது பெரிய விஷயம்.

1999 தொடங்கும்போது இண்டெல் செலரானை அட்டை இல்லாமல், 370 கால்கள் கொண்ட சதுரச் சில்லாகவும் விற்கத் தொடங்கியிருந்தது. பழைய ஸ்லாட்டில் போட ஒரு இடை அட்டை கிடைக்கும். இந்தச் சில்லில் காது ஏஎன்15 என்ற காலில் வெளியே வந்தே இருந்தது. இனிமேல் பிராசஸரில் கைவைக்கவே வேண்டாம். மலிவான அந்த இடை அட்டையில் ஏஎன்15-இலிருந்து பி75-க்கு ஒரு கம்பி போட்டால் போதும். போனால் அடாப்டரோடு போகும். கொஞ்ச நாளில் தாய்வான் நிறுவனமான ஏபிட், பிபி6 என்ற மதர்போர்டைக் கொண்டுவந்தது. இரண்டு சாக்கெட், திருத்தாத இரண்டு செலரான், துளை இல்லை, கம்பி இல்லை. வாங்கிப் போட்டால் ஓடும். ஆர்வலர் வீட்டு மேஜையில் கையால் போட்ட கம்பி, தொழிற்சாலையில் அச்சடித்த தடமாக மாறிவிட்டது. இந்த முழுக் கதையிலும் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இண்டெல் சும்மா இருக்குமா? 2000-இல் வந்த அடுத்த தலைமுறைச் செலரானில் இரட்டை ஓட்டத்தைச் சில்லிலேயே எடுத்துவிட்டார்கள். பஞ்சு இல்லை, இப்போது காதே இல்லை. எந்தக் கம்பியும் உதவாது.

அடுத்து ஏஎம்டி. இதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வித்தை மாதிரி தெரியும். ஒன்றல்ல.

2001-இல் ஏஎம்டி, இரட்டைப் பிராசஸருக்கென்று அத்லான் எம்பி என்பதைக் கொண்டுவந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அத்லான் எக்ஸ்பி வந்தது, விலை குறைவு. உள்ளே இருக்கும் சில்லின் வடிவமைப்பு ஒன்றே. பிராசஸரின் மேற்பரப்பில், கண்ணுக்குத் தெரியும்படி, எல்1, எல்5 என்று பெயரிட்ட சின்னச் சின்னச் செப்புப் பாலங்கள் வரிசையாக இருந்தன. எந்தப் பாலத்தை லேசரால் வெட்டுகிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தப் பிராசஸர் எந்த ரகம் என்று ஆகும். 2000-இல் வந்த ரகங்களில் வெட்டிய எல்1 பாலங்களைப் பென்சிலால் கோடு போட்டே சேர்த்து வேகத்தை மாற்றினார்கள். பென்சில் கரி மின்சாரம் கடத்தும் என்பது பள்ளிக்கூடப் பாடம்தானே. எக்ஸ்பி வந்தபோது லேசர் ஆழமாகக் குழி பறித்திருந்தது, பென்சில் எட்டவில்லை. குழியைப் பசையால் நிரப்பி, அதன்மேல் மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சால் கோடு போட்டார்கள். காரின் பின்கண்ணாடியில் பனி உருக்கும் கோடுகள் அறுந்தால் சரிசெய்ய ஒரு பூச்சு விற்பார்கள், அதுவேதான். எல்5 வரிசையில் ஒரு பாலத்தைச் சேர்த்தால், கம்ப்யூட்டர் கேட்கும்போது எக்ஸ்பி "நான் எம்பி" என்று பதில் சொல்லும்.

இங்கேதான் வித்தியாசத்தைக் கவனியுங்கள். செலரானில் போட்ட கம்பி ஒரு வேலை செய்தது. அது இல்லாமல் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்காது. அத்லானில் போட்ட கோடு வாசலில் பெயர்ப்பலகையை மாற்றியது, அவ்வளவுதான். எக்ஸ்பி சில்லுக்கு இரட்டையாக ஓடும் திறன் முன்பே இருந்தது. தொடக்கத்தில் வந்த எக்ஸ்பிகளில் பல, எந்தத் திருத்தமும் இல்லாமலே இரட்டை போர்டில் ஓடின. அப்படியானால் எம்பி வாங்குபவர் கூடுதல் காசு எதற்குக் கொடுத்தார்? இரட்டை ஓட்டத்துக்குச் சோதித்து, சரி என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்றுக்கொண்டதற்கு. எக்ஸ்பி ஓடலாம், ஆறு மாதம் நன்றாகவே ஓடலாம். ஓடாமல் போனால் பரவாயில்லை, தெரிந்துவிடும். ஓடிக்கொண்டே எங்கோ ஓர் எண்ணைத் தப்பாகக் கூட்டினால்? அதைத் தெரிந்துகொள்ள வழியில்லை.

லினக்ஸ் எழுதுபவர்கள் இதற்கு அழகாக ஒரு ஏற்பாடு செய்தார்கள். இரட்டை ஓட்டத்துக்குச் சான்று இல்லாத அத்லான்களைச் சேர்த்து ஓட்டினால், லினக்ஸ் தடுக்காது. ஆனால் தனக்குள் ஒரு கறைக்குறி போட்டுக்கொள்ளும். பிறகு அந்தக் கம்ப்யூட்டர் நிலைகுலைந்து, உதவி கேட்டு அறிக்கை அனுப்பினால், அந்தக் குறி கூடவே வரும். "உங்கள் விருப்பம், ஓட்டுங்கள். ஆனால் கோளாறு வந்தால் எங்கள் எழுத்தில் பிழை தேடும் முன்பு உங்கள் பிராசஸரைப் பாருங்கள்" என்று அர்த்தம். தடுப்பதை விட, அனுமதித்துப் பதிவு செய்வது எனக்கு நியாயமாகப் படுகிறது.

பிறகும் இந்தக் கதை நிற்கவில்லை. 2009-இல் ஏஎம்டி மூன்று கோர் கொண்ட ஃபெனோம் 2 எக்ஸ்3 விற்றது. உண்மையில் அது நான்கு கோர் சில்லு, ஒன்று அணைக்கப்பட்டது. சில மதர்போர்டுகளின் செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினால் நான்காவது எழுந்துகொள்ளும். சிலருக்கு அது நல்ல கோர், சிலருக்கு உண்மையிலேயே பழுதான கோர். வாங்கும்போது தெரியாது, குலுக்கல் சீட்டு மாதிரி. 2010-இல் இண்டெல் இன்னும் ஒரு படி மேலே போய், குறிப்பிட்ட ஒரு பென்டியம் பிராசஸரில் பூட்டி வைத்திருந்த திறனைத் திறக்க 50 டாலருக்கு ஒரு கார்டு விற்றது. மொபைலுக்கு டாப்அப் போடுவது போல, எண்ணை அடித்தால் பிராசஸர் கொஞ்சம் வேகமாகும். மக்கள் கேலி செய்தார்கள், அடுத்த ஆண்டே நிறுத்திவிட்டார்கள். 1998-இல் நாம் துளை போட்டு எடுத்ததை அவர்களே கவுண்டரில் வைத்து விற்றதுதான் அது.

இதையெல்லாம் ஏன் இந்த ஹாலில் சொல்கிறேன் என்று சிலர் யோசிக்கலாம். சிசிடிவி விஷயம் உங்களுக்குத் தெரியும். எட்டு கேமரா ரெக்கார்டருக்கும் பதினாறு கேமரா ரெக்கார்டருக்கும் வந்த இரண்டு கொட்டேஷனும் நோட்டீஸ் போர்டில் இருக்கின்றன. பி பிளாக் தம்பி ஒருவர் இரண்டின் உள்படத்தையும் தேடிப் பார்த்து, "அங்கிள், ரெண்டும் ஒரே போர்டு. எட்டை வாங்கி சாஃப்ட்வேரை மாத்தினா பதினாறு ஓடும்" என்கிறார். அவர் சொல்வது உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஆர்வத்தை யாரும் மட்டம் தட்டக்கூடாது, ஜப்பானில் பல் பல்லாகச் சோதித்தவர்களும் இவர் மாதிரிதான் இருந்திருப்பார்கள்.

ஆனால் என் வோட்டு பதினாறு கேமரா பெட்டிக்குத்தான். நம் எழுத்துக்காரர் துளை போட்டது அவருடைய செலரானில், போனது அவருடைய காசு, காத்திருந்தது அவருடைய வேலை. இது 96 வீட்டுக்குப் பொது. கேட்டில் ஒரு பைக் காணாமல் போய், போலீஸ் பதிவைக் கேட்டு, அன்றைக்குப் பார்த்து பன்னிரண்டாவது கேமராவில் படம் இல்லையென்றால், பைக் போனவரிடம் "நாங்கள் எட்டாயிரம் மிச்சம் பிடித்தோம்" என்று யார் சொல்வது? இது கம்பியா, பெயர்ப்பலகையா என்று நமக்குத் தெரியாது. சோதித்து, பொறுப்பேற்று, பில்லில் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அந்த எட்டாயிரம் அதற்குத்தான். தம்பிக்கு என்னிடம் பழைய ரெக்கார்டர் ஒன்று சும்மா கிடக்கிறது, தருகிறேன். அதில் எதை வேண்டுமானாலும் திறந்து பார்க்கட்டும், நானும் கூட உட்காருகிறேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.

(சி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா: "துளை போட்டு விற்பது சட்டப்படி தப்பில்லையா?")

நீங்கள் வாங்கிய பொருளை நீங்கள் திருத்துவது உங்கள் விருப்பம்மா. உத்தரவாதம் போகும், அவ்வளவுதான். ஆனால் திருத்திய எக்ஸ்பியை "எம்பி" என்று சொல்லி இன்னொருவருக்கு விற்றால் அது ஏமாற்று. துளை வெளியே தெரியும். மென்பொருளில் செய்த மாற்றம் தெரியாது. பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

(ஒரு பெரியவர்: "இன்றைக்கு இதைச் செய்ய முடியுமா?")

இந்த மாதிரி முடியாது சார். 2005 வாக்கில் ஒரே சில்லுக்குள் இரண்டு கோர் வைத்து விற்கத் தொடங்கிவிட்டார்கள். வாயும் காதும் எல்லாம் உள்ளேயே முடிந்துவிட்டது. ரகம் பிரிப்பதும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத ஃபியூஸ்களை எரித்து. டிரில்லுக்கு அங்கே இடமில்லை. பழைய அட்டையில் செய்து பார்க்க ஆசை என்றால் பழுதானது ஒன்றில் பழகுங்கள். துளைக்கும்போது வரும் கண்ணாடி நார்த் தூசு நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் கட்டாயம்.

(ஆறாம் வகுப்பு மாணவி: "அங்கிள், எங்கம்மா ஃபோன்ல எத்தனை பிராசஸர் இருக்கு?")

பெரும்பாலும் எட்டு கோர் இருக்கும்மா. எல்லாம் ஒரே மாதிரி இல்லை. நாலைந்து சின்னது, சும்மா இருக்கும்போது ஓட. இரண்டு மூன்று பெரியது, நீ கேம் விளையாடும்போது ஓட. அம்மா ஃபோன் சூடானால் எது ஓடியது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த அட்டை இப்போது யாரிடம் இருக்கிறது? கடைசி வரிசையிலா? சரி, பார்த்து முடித்ததும் மேஜையில் வைத்துவிடுங்கள். டீ ரெடி என்று வாட்ச்மேன் அண்ணன் கை காட்டுகிறார்.